கருவியைக் கீழே வைத்தல்: தூண்டிலும் வினையும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளை அகற்றும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண், அதைச் சுட்டுப் பொருளாக்கும் சூளைகள் கொண்ட தொழிற்பேட்டை, அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனம் ஆகியவை சேர்ந்து விருத்தாசலத்துக்குப் பீங்கான் நகரம் என்ற பெயரைத் தந்தன. சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதத்தை 13ஆம் நூற்றாண்டில் அருளிய மெய்கண்டார் பிறந்ததாக மரபு கூறும் பெண்ணாடம், இவ்வூரிலிருந்து திருச்சி செல்லும் ரயில் தடத்தில் சிறிது தொலைவிலேயே இருக்கிறது. உலகத் தோற்றத்தை விளக்கச் சித்தாந்திகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் உவமை குடம் என்பதால், இந்த அண்மையைத் தற்செயல் என்று சொல்லி விட்டுவிட மனம் வருவதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், அதாவது எதிலிருந்து பொருள் உண்டாகிறதோ அது. தண்டும் சக்கரமும் துணைக்காரணம், அதாவது எதைக் கொண்டு உண்டாக்கப்படுகிறதோ அது. குயவர் நிமித்தகாரணம், அதாவது உண்டாக்கும் அறிவுடைய கருத்தா.

இம்மூன்று காரணங்களுள் முதலும் நிமித்தமும் பெற்ற அளவுக்குத் துணைக்காரணம் அறவியல் ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை. சக்கரம் சுழன்று குடம் ஆவதில் அறச்சிக்கல் ஏதும் இல்லாததால், அந்த உவமையே அக்கேள்வியை எழவிடாமல் செய்துவிட்டது என்றும் கருதலாம். ஆனால் சக்கரத்தின் இடத்தில் தூண்டில் முள்ளை வைத்துப் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. சக்கரம் ஓய்ந்திருக்கும்போது எதையும் வனைவதில்லை; தூண்டில் முள்ளோ, அதைப் பிடித்திருந்த கை விலகிய பின்னும் தைக்கும். அவ்வாறெனில், பயன்பாட்டில் இல்லாத கொலைக்கருவிக்கும் அதை வைத்தவருக்கும் இடையே வினைத்தொடர்பு உண்டா, உண்டெனில் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி. மீன்பிடிக் கருவிகளை ஒழுங்குபடுத்தி வைப்பது என்ற, பார்வைக்கு வெறும் வசதியைப் பற்றியதாகத் தோன்றும் ஒரு செயல், இக்கேள்வியின் வழியாகச் சமயத் தத்துவத்துக்குள் வந்து சேர்கிறது.

விருத்தாசலத்தைச் சுற்றி மீன்பிடிப்புக்குக் குறைவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மணிமுத்தாறு ஊரைத் தொட்டுச் சென்று கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. திட்டக்குடி வட்டத்தில், 1913இல் தொடங்கி 1923இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரி வெள்ளாற்று நீரைத் தேக்கிவைக்கிறது. கிழக்கே பெருமாள் ஏரியும் தெற்கே வீராணமும் உள்ளன. இத்தகைய நீர்நிலைகளில் கரையில் நின்றோ, பரிசலிலோ சிறு படகிலோ அமர்ந்தோ கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி ஆகியவற்றைப் பிடிப்பவர் கையாளும் கருவிகள் சிலவே: முள், தங்கூசி எனப்படும் ஒற்றையிழை நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, கழி, சிலரிடம் ரீல் பூட்டிய கோல், வீச்சுவலை, பிடித்ததைப் போட்டுவைக்கும் பறி. கருவி சிறிது என்பதாலேயே அது எங்கே கிடக்கிறது என்பதைக் குறித்த கவலையும் சிறிதாகிவிடுகிறது.

மீன்பிடிப்பைப் பற்றிய சமய விவாதங்கள் பெரும்பாலும் மீன் சாகும் நொடியையே சுற்றி வருகின்றன. அந்த நொடியைக் குறித்து இப்பகுதியிலேயே மிகக் கண்டிப்பான விடை கிடைக்கிறது. விருத்தாசலத்துக்குக் கிழக்கே உள்ள வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவிய வள்ளலார், சீவகாருணியத்தையே கடவுள் வழிபாடாகக் கொண்டவர். அவரது நெறியில் புலால் கொள்வோருக்கு இடம் புறத்தே மட்டும்தான். அங்கே தூண்டிலை எப்படி வைப்பது என்ற கேள்விக்கு, எடுக்காமல் இருப்பதே விடை. இதை மறுப்பதற்கு ஏதும் இல்லை. ஆயினும் ஏரிக்கரையில் நாளும் மீன் பிடிக்கப்படுகிறது என்ற நிலைமை இருக்கும்வரை, எடுத்தவர் அதை எப்படிக் கீழே வைக்கிறார் என்பது தனிக் கேள்வியாகவே நிற்கும்.

மற்றொரு விடை நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலிருந்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றும் அதிபத்தர், மீனவர் தலைவர். வலையில் விழுவனவற்றுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவதை நியமமாகக் கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரே மீன் கிடைத்த காலத்திலும் அதையே விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். பின்னர் பொன்னும் மணியுமாக ஒரு மீன் அகப்பட்டபோதும் அதையும் அவ்வாறே விட்டார். தொழிலைக் கைவிடும்படி இறைவன் அவரிடம் கேட்கவில்லை என்பது இக்கதையில் கவனிக்கத்தக்கது.

இதற்கு இணையாகச் சமண இலக்கியத்தில் மிருகசேனன் என்னும் மீனவனின் கதை உண்டு. 959இல் சோமதேவ சூரி இயற்றிய யசஸ்திலகம் என்ற வடமொழி நூலிலும் வேறு கதைத் தொகுதிகளிலும் அது வருகிறது. ஒரு முனிவரிடம், வலையில் முதலில் விழும் மீனைக் கொல்வதில்லை என்று அவன் விரதம் ஏற்கிறான். அன்று முதலில் விழுந்த மீனை அடையாளமிட்டு விட்டுவிட, அதே மீன் திரும்பத் திரும்ப ஐந்து முறை வலையில் விழுகிறது. ஐந்து முறையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். மனைவி கதவைச் சாத்திவிட, வெளியே உறங்கியவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அடுத்த பிறவியில் ஐந்து முறை சாவிலிருந்து தப்புகிறான். சைவமும் சமணமும் கொல்லாமை குறித்து ஒன்றோடொன்று வாதிட்ட வரலாறு நீண்டது. எனினும், மீனவனுக்குக் காட்டிய வழியில் இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்திருப்பதை ஒப்பிட்டு எழுதியோர் மிகுதியாக இல்லை. ஆனாலும் இரு கதைகளிலும் அறம் நிகழ்வது கைக்கும் மீனுக்கும் இடையே மட்டும்தான். அன்று மாலை அதிபத்தர் வலையை எங்கே உலர்த்தினார், மிருகசேனன் வெறும் வலையை எந்த மூலையில் போட்டான் என்பதைக் கதை சொல்பவர் பொருட்படுத்தவில்லை.

சோமதேவரின் நூலிலேயே இன்னொரு கருத்தும் உள்ளது. ஏர் உழும்போது எத்தனையோ உயிர்களைக் கொன்றும் உழவன் பாவியாவதில்லை, ஒரு மீனும் அகப்படாமல் திரும்பினாலும் மீனவன் பாவியாகிறான், ஏனெனில் ஒருவனுடைய எண்ணம் விளைச்சலிலும் மற்றவனுடைய எண்ணம் கொலையிலும் இருக்கிறது என்பது அதன் சாரம். எண்ணத்தையே அளவுகோலாகக் கொள்ளும் இவ்வாதம் கூர்மையானது, ஆனால் போதாதது. புல்லில் கிடக்கும் முள்ளுக்குப் பின்னால் எந்த எண்ணமும் இல்லை. கரையில் மேயும் மாட்டின் நாக்கில் அது தைப்பதை யாரும் விரும்பவில்லை. எண்ணம் இல்லாததால் வினையும் இல்லை என்று சொல்லிவிட்டால், மீனுக்குச் செய்ததைவிடக் கொடிய ஒன்று, மாட்டுக்கும் கொக்குக்கும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் செய்யப்பட்டது, யார் கணக்கிலும் ஏறாமல் போய்விடும். கொடியது என்பதற்குக் காரணம் உண்டு: பிடித்த மீனால் ஒரு குடும்பத்தின் பசியாவது தீர்கிறது; இதனால் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

சைவ சித்தாந்தத்தின் வினைப் பகுப்பிலும் இந்த இடைவெளி தெரிகிறது. உயிர் மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றினால் வினை செய்கிறது. கருவி சடம், அறிவற்றது, ஆதலால் அதற்கு வினை இல்லை. ஓர் உயிருக்கு வரும் துன்பத்தை வழிவகையால் மூன்றாகப் பிரித்து, பிற உயிர்களால் வருவதை ஆதியான்மிகம் என்றும், பூதங்களாகிய சடப்பொருள்களால் வருவதை ஆதிபௌதிகம் என்றும், தெய்வத்தால் வருவதை ஆதிதெய்விகம் என்றும் அம்மரபு வழங்கும். புல்லில் கிடந்த முள்ளால் மாடு பட்ட துன்பம் இவற்றுள் எது? முள் சடம் என்பதால் இடி விழுந்ததற்கு ஒப்பாக அதை வைத்துவிட முடியாது. முள்ளை யாரோ ஒருவர் வாங்கி, கட்டி, பயன்படுத்தி, அங்கே விட்டிருக்கிறார். அவர் மாட்டைத் தொடவே இல்லை என்பதால் உயிரால் வந்தது என்று சொல்வதும் எளிதாக இல்லை.

திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், சிவனிடம் அன்புடையார் செய்யும் பாவமும் அறமாகும், அன்பில்லார் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்று கூறி, தந்தையின் காலை வெட்டிய சண்டேசரையும் பெருவேள்வி செய்த தக்கனையும் எடுத்துக்காட்டுகிறார். அதிபத்தரின் தொழில் அன்பினால் தூய்மையாகிறது என்பதற்கு இது தத்துவ அடிப்படை. ஆனால் அன்பு செயலைத்தான் தூய்மையாக்க முடியும். செய்யாமல் விட்டதை, மறந்து போட்டதை, அது எவ்வாறு எட்டும் என்பதற்கு அங்கே விடை தேடவேண்டியிருக்கிறது. முதுகுன்றம் என்று தேவாரம் பாடும் இவ்விருத்தாசலத்தில் இறக்கும் உயிர்களைச் சிவன் மடியில் கிடத்தி ஐந்தெழுத்தை ஓத, அம்மை தன் முந்தானையால் விசிறி இளைப்பாற்றுகிறாள் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்த நம்பிக்கை மணிமுத்தாற்று மீனுக்கும் பொருந்துமாயின், அது இறப்பவற்றுக்கு ஆறுதலே தவிர, இறக்கச் செய்தவருக்கு விலக்கு அன்று.

விடுபட்ட இந்த இடத்தைத் தனித்துப் பெயரிட்டு ஆராய்ந்த மரபு சமணம். அது இப்பகுதிக்கு அந்நியமான மரபும் அன்று. இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூரோடு இணைத்துக் கூறப்படும் பாடலிபுரத்தில் 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் உலகின் அமைப்பைப் பற்றிய லோகவிபாகத்தை எழுதி முடித்தார். திருநாவுக்கரசர் தருமசேனராக இருந்ததும் அவ்வூர்ச் சமணப் பள்ளியில்தான் என்பது மரபு. சமணத்தின் எல்லாப் பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், உயிரினுள் வினை வந்து சேரும் வழியாகிய ஆஸ்ரவத்தைப் பற்றியது. வினை வந்து சேர்வதற்கு நிலைக்களமாக இருப்பதை அந்நூல் அதிகரணம் என்று அழைத்து, அது உயிருள்ளதாகவும் இருக்கலாம், உயிரற்றதாகவும் இருக்கலாம் என்கிறது. உயிரற்ற நிலைக்களம் நான்கு: பொருளை உண்டாக்குவதாகிய நிர்வர்த்தனை, கீழே வைப்பதாகிய நிக்ஷேபம், ஒன்றோடொன்றைச் சேர்ப்பதாகிய சம்யோகம், உடலையும் சொல்லையும் மனத்தையும் செலுத்துவதாகிய நிசர்க்கம். கருவிக்கு வினை இல்லை என்பதைச் சமணமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கருவி வினை தங்குவதற்கு இடம் தருகிறது என்று கூறி, அந்த இடத்தை எடுப்பதிலும் ஓங்குவதிலும் மட்டுமன்றி, வைப்பதிலும் காண்கிறது.

பொருளைக் கீழே வைப்பது ஓர் அறச்செயல் என்பதைத் தனித் தலைப்பாக்கியதே இப்பகுப்பின் பெருமை. உரையாசிரியர்கள் நிக்ஷேபத்தை மேலும் நான்காகப் பிரித்தனர்: பார்க்காமல் வைப்பது, சரியாகத் துடைக்காமல் வைப்பது, அவசரமாக வைப்பது, நினைவின்றிப் பொருந்தாத இடத்தில் வைப்பது. துறவிகளுக்கு வகுத்த ஐந்து சமிதிகளுள், அதாவது கவனத்தோடு இயங்கும் நெறிகளுள், ஆதான நிக்ஷேபண சமிதி என்ற ஒன்று எடுப்பதையும் வைப்பதையும் மட்டுமே பற்றியது. திகம்பர முனிவர் கையில் உள்ள மயிற்பீலி, கமண்டலத்தை வைக்குமுன் அவ்விடத்துச் சிற்றுயிர்களை மெல்ல விலக்குவதற்காகவே இருக்கிறது. கவனமின்மையின் காரணமாக உயிரைப் போக்குவதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தின் அடுத்த அத்தியாயம் வரையறுப்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். திருக்குறள் கொல்லாமையைத் துறவறவியலிலும், மறதியால் வரும் சோர்வைக் கடியும் பொச்சாவாமையைப் பொருட்பாலின் அரசியலிலும் வைத்துத் தனித்தனியே பேசியிருக்க, சமணம் அவ்விரண்டையும் ஒரே இடத்தில் கட்டிவிட்டது. இது குறளின் குறை அன்று. அரசனின் மறதியால் நாடு கெடும் என்பதே அங்குள்ள கவலை.

இப்பகுப்பைத் தூண்டில்காரருக்குப் பொருத்துவது மேற்கண்ட ஆசிரியர்களின் நோக்கம் அன்று என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. ஹிம்சைக்குரிய கருவியைப் பிறருக்குக் கொடுப்பதையே, கோடாரியும் வாளும் மண்வெட்டியும் உட்பட, பயனற்ற தீங்கு என்று இல்லறத்தாருக்கு விலக்கிய மரபு அது. தூண்டிலை நன்றாகப் பேணும்படி அது சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் ஒரு கருத்து தன்னைப் படைத்தவர்கள் எண்ணாத இடத்திலும் உண்மையாக இருக்கக்கூடும். முனிவரின் கமண்டலத்தைவிடத் தூண்டில் முள்ளுக்கே இந்நான்கும் நெருக்கமாகப் பொருந்துகின்றன.

பார்க்காமல் வைப்பது கரை மீன்பிடிப்பில் அன்றாடம் நிகழ்வது. இருட்டும் நேரத்தில் கழியைச் சுருட்டும்போது, பழைய முள்ளை அறுத்துப் புதியது கட்டியவர் அறுத்ததை எங்கே போட்டார் என்பது அவருக்கே தெரிவதில்லை. தக்கைத் துண்டிலோ நெட்டியிலோ முள்ளின் கூர் முழுவதும் பதியுமாறு குத்திவைப்பது, கரைக்கு வந்தபோது எத்தனை முள் இருந்தனவோ அத்தனையும் திரும்புகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது ஆகிய இரண்டு பழக்கங்களும் இவ்வகைத் தீங்கைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

துடைக்காமல் வைப்பதில் விஷயம் இன்னும் நுட்பமானது. முள்ளில் ஒட்டிய மண்புழுவும் மாவும் அப்படியே இருக்க, அதைத் தாழ்வாரத்தில் செருகிவைத்தால் எறும்பு வரும், எறும்பைத் தேடியும் மாவைத் தேடியும் பிற உயிர்கள் வரும். இரை மாட்டிய முள் ஆற்றில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் இரை மாட்டிய முள்தான். கோழியும் பூனையும் அதை விழுங்குவதற்கு யாரும் தூண்டில் போடத் தேவையில்லை. ஈரத்தோடு பெட்டியில் மூடிய முள் துருப்பிடித்து அடுத்த முறை பாதியில் முறியும். முறிந்தது மீனின் தொண்டையில் தங்கும். துடைத்து, நிழலில் உலர்த்தி, பிறகே மூடவேண்டும் என்பது கருவியின் ஆயுளுக்கான அறிவுரையாகச் சொல்லப்படுகிறது. அது பிற உயிர்களின் ஆயுளுக்கும் பொருந்தும்.

அவசரமாக வைப்பது சிறு படகுக்கே உரிய குற்றம். இடம் குறுகல், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, துடுப்பு ஒரு கையில். அந்நிலையில் நரம்பும் முள்ளும் வலையும் காலடியில் குவிக்கப்படுகின்றன. பரிசலின் அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளை ஒரு முள் கிழித்துவிட்டால் ஆபத்து மனிதருக்கே. ஆதலால் படகில் ஒவ்வொன்றுக்கும் முன்பே குறித்த இடம் இருக்கவேண்டும்: கனமானது நடுவில், கூரானது மூடியுள்ள பெட்டியில், நீரில் விழுந்தால் மூழ்கக்கூடியது படகோடு கட்டப்பட்டு. அவசரத்தில் யோசிக்க நேரம் இராது என்பதால் யோசனையை முன்கூட்டியே செய்துவைப்பதுதான் ஒழுங்கு எனப்படுவது.

நான்காவதான பொருந்தாத இடம், பிள்ளைகளின் கைக்கெட்டும் சன்னல், வண்டியின் பக்கப்பெட்டி, கூரை ஓலை என்று நீளும். இதனோடு நிக்ஷேபத்துக்கு அடுத்துக் கூறப்பட்ட சம்யோகத்தையும், குறிப்பாக உபகரணங்களை முறையின்றிக் கலப்பதையும் சேர்த்து எண்ணலாம். மென்பிளாஸ்டிக்கால் செய்த செயற்கைத் தவளையையும் புழுவையும் சில கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளில் நேரடியாகப் போட்டால் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். நரம்பும் முள்ளும் ஒன்றாகக் கிடந்தால் பிரிக்க முடியாத சிக்கலாகி, பொறுமையிழந்தவர் அதை அறுத்துக் கரையிலேயே எறிவார். கலப்பது வீட்டில் நடக்கிறது, தீங்கு ஆற்றங்கரையில் விளைகிறது.

இவ்வொழுங்கு முன்பு இவ்வளவு கேள்விக்குரியதாக இல்லாததற்குக் காரணம் மனிதர் அப்போது மேலானவராக இருந்தது அன்று. பொருளே அவரைக் கட்டாயப்படுத்தியது. பருத்தி வலை ஈரத்தில் மக்கும். அதை நாள்தோறும் அலசி உலர்த்தவேண்டும், பனிச்சங்காய்ச் சாற்றில் அவ்வப்போது ஊறவைத்துப் பதப்படுத்தவேண்டும், கிழிந்த கண்ணை உடனே பின்னவேண்டும். கவனியாமல் விட்டால் வலையே போய்விடும் என்ற அச்சம் ஒவ்வொரு மாலையையும் ஒரு பராமரிப்புச் சடங்காக்கியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து நைலான் பரவத் தொடங்கியபோது அச்சடங்கு தளர்ந்தது. நைலான் மக்காது, ஆகவே அதை மறக்கலாம். மலிவு, ஆகவே விட்டுவிடலாம். கருவியைக் காப்பதற்கான உழைப்பு குறைந்த அதே நேரத்தில், கைவிட்ட கருவி செய்யும் தீங்கு நீண்டுவிட்டது. பருத்தி வலை தொலைந்தால் சில காலத்தில் நூலாகி மண்ணாகும்; தொலைந்த தங்கூசி வலை ஆண்டுக்கணக்கில் நீருக்கடியில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பேய்வலை என்று இன்று அழைக்கப்படுவது இதுதான்: நிமித்தகாரணம் விலகிய பின்னும் வேலை செய்கின்ற துணைக்காரணம். மெய்கண்டார் காலத்துக் குயவரின் சக்கரம் கையை எடுத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும் என்பதால், அப்படி ஒன்றைச் சித்தாந்திகள் சிந்திக்க நேரவில்லை.

துருப்பிடிக்காத முள், அறுபடாத நரம்பு, மக்காத ஈயம் என்று கருவியின் சிறப்பாகக் கடைகளில் சொல்லப்படுவன அனைத்தும் தொலைந்த பின் குற்றங்களாகின்றன. கருவி எவ்வளவு நீடிக்கிறதோ அவ்வளவுக்கு அதை வைத்தவரின் பொறுப்பும் நீள்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. ஈயக்குண்டு இதற்கு நல்ல சான்று. நீர்ப்பறவைகள் இரைப்பையில் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். கரையில் சிந்திய ஈயக்குண்டும் அவற்றுக்கு ஒரு கல்லே. பிரிட்டனில் அன்னங்கள் இவ்வாறு ஈய நஞ்சால் இறந்தது கண்டறியப்பட்டு, 1987இல் பெரும்பாலான அளவுகளில் ஈயத் தூண்டில் குண்டுகள் விலக்கப்பட்டன. குண்டு ஈயமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை: ஹரப்பா நாகரிகத்து மக்கள் செம்பில் தூண்டில் முள்ளும் சுட்ட மண்ணில் வலைக்குண்டும் செய்தார்கள். சுட்ட மண்குண்டு ஆற்றில் தொலைந்தால் ஆற்றுக்கல்லோடு கல்லாகக் கிடக்கும், எந்தப் பறவையையும் கொல்லாது. மண்ணைச் சுட்டுத் துல்லியமான வடிவில் எடுக்கத் தெரிந்த ஒரு நகரம், அகலும் பொம்மையும் செய்யும் அதே சூளையில் தூண்டில் குண்டையும் செய்து பார்ப்பது தத்துவத்துக்கும் வணிகத்துக்கும் ஒருங்கே பொருந்தும் முயற்சியாகும். மண் ஈயத்தைவிடக் கனம் குறைந்தது என்பதால் குண்டு சற்றுப் பெரிதாக இருக்கவேண்டிவரும். தேங்கிய ஏரி நீரில் அது பெரிய இடையூறன்று.

சட்டத்தின் கவனமும் நெடுங்காலம் கொல்லும் நொடியிலேயே நின்றது. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதைத் தடுத்தது. கருவியை எங்கே விடுவது என்பது அதன் கவலையாக இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு மீன்பிடிக் கருவிகளுக்கு உரியவரின் அடையாளம் இடுவது குறித்த வழிகாட்டு நெறிகளை 2018இல்தான் ஏற்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்டது. என்றாலும் வலை பின்னவும் படகு பழுதுபார்க்கவும் அதுவே காலம் என்பதால், அரசாணையால் கருவி கீழே வைக்கப்படும் ஒரே பருவமாகவும் அது அமைந்துவிட்டது. ஏரியிலும் ஆற்றிலும் ஒற்றைத் தூண்டிலோடு நிற்பவரை இவற்றுள் எதுவும் எட்டுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எதிர்வாதம் எஞ்சும். கொல்வதற்கென்றே செய்த கருவியைப் பத்திரமாக வைப்பதில் அறம் காண்பது, கொலையை அப்படியே விட்டுவிட்டு அதன் ஓரங்களைத் துடைக்கும் பாசாங்கு ஆகாதா? வள்ளலாரின் நிலையிலிருந்து பார்த்தால் ஆகும். ஆனால் இவ்வாதம் ஒரு தவற்றைச் செய்கிறது: பெரிய தீங்கு நீங்காதவரை சிறிய தீங்கைக் கணக்கில் கொள்ளவேண்டாம் என்று அது மறைமுகமாகக் கூறுகிறது. அதிபத்தரும் மிருகசேனனும் விட்ட ஒரு மீனை, விடாத மீன்களைக் காட்டி இகழ முடியுமானால்தான் இந்த வாதம் நிற்கும். இரு சமயங்களும் அவ்வாறு இகழவில்லை. பசிக்காகச் செய்யும் கொலைக்கு விளக்கம் கூற முடிகிறது, அவ்விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு; மறதியால் நேரும் கொலைக்கு விளக்கமே கூற முடிவதில்லை. அந்த அளவில் இரண்டாவதுதான் முதலில் நீங்கவேண்டியது.

மணிமுத்தாற்றுக்கு ஒரு பழங்கதை உண்டு. முதுகுன்றத்துப் பெருமான் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் இவ்வாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது அது. இன்று அவ்வாற்றில் இடப்படும் நரம்பும் முள்ளும் வேறு எங்கும் எழப்போவதில்லை. இட்ட இடத்திலேயே, மண்ணுக்குச் சற்றுக் கீழே, கிடக்கும். கருவிக்கு ஓய்வளிப்பதையே வழிபாடாக்கிய ஒரு நாள் தமிழர் ஆண்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆயுத பூசையன்று பட்டறையில் சுத்தியும் சூளைக்கூடத்தில் அச்சும் அலுவலகத்தில் கணினியும் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, தொடப்படாமல் வைக்கப்படுகின்றன. மணிமுத்தாற்றிலும் வெலிங்டன் ஏரியிலும் தூண்டில் போடுவோர் அந்த நாளில் தம் பெட்டியையும் வெளிச்சத்தில் திறந்து, துருப்பிடித்த முள்ளையும் அறுந்த நரம்பையும் மூடியுள்ள புட்டியில் அடைத்து அப்புறப்படுத்தி, ஈயக்குண்டை மாற்றி, மீதியைத் துடைத்து உரிய இடத்தில் வைக்கட்டும்.